துளசிமணிக்குப் போட்ட தடுப்பு

செத்துப் பத்து வருசம் ஆன துளசிமணி, ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பவானிக் கூடுதுறையில் தன் சாம்பலைக் கரைத்த அதே படித்துறையில் தண்ணீரை விட்டு ஏறி, டவுன் பஸ் பிடித்து, பெண்களுக்கு இலவசம் என்று கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சீட்டை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த கூறைச்சேலையோடு பாவடி வீதியில் நடந்து வந்து, காலை பதினோரு மணிக்குத் தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவள் கோகிலவாணி. துளசிமணியின் புருசன் சிகாமணிக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டில் ஒன்பது வருசம் ஓட்டியவள். ஒன்பது வருசமும் அவள் தூசி துடைத்து, வெள்ளிக்கிழமை தோறும் பூ வைத்த போட்டோவில் இருந்த முகம், வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

“ஆருங்க?” என்று கேட்டாள் கோகிலவாணி, தெரிந்துகொண்டே.

“நாந்தானுங்க அக்கா, துளசி. கொஞ்சம் சுடுதண்ணி வெச்சுக் குடுக்கறீங்களா? ஆத்துத்தண்ணி நெம்பக் குளுரு.”

கோகிலவாணி போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். வேறென்ன செய்வது? மஞ்சள் காமாலையில் சாகும்போது துளசிமணிக்கு இருபத்தாறு வயசு, வரும்போதும் இருபத்தாறுதான், கோகிலவாணிக்கோ முப்பத்தேழு. தாரத்து முறையில் துளசிமணி அக்கா, வயசுக் கணக்கில் கோகிலவாணி அக்கா, ஆகவே அன்று முதல் இருவரும் ஒருவரையொருவர் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள், மரியாதையில் இருவரும் கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை.

வீதி முதல் நாள் மத்தியானம் வரை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. ஆனால் நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, தண்ணீர் வந்தால் வெளியே வந்துதானே ஆக வேண்டும், வந்த பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்ற துளசிமணியைப் பார்த்தார்கள், எதிர்வீட்டு நாச்சக்கா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏம்புள்ள, இப்படி எளைச்சுப் போயிட்டே!” என்று கேட்டாள், அதோடு விசயம் முடிந்தது. மறுநாள் மல்லிகைப்பூவோடு வந்தார்கள். அதற்கு மறுநாள், அவரவர் வீட்டில் செத்தவர்களைப் பற்றிக் கேட்க வந்தார்கள். எங்க மாமனாரப் பாத்தியா, எங்கூட்டுச் சின்னவன் எப்படி இருக்கறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் துளசிமணி, “நெம்பக் கூட்டமுங்க அக்கா, ஆரையும் கவனிக்கலீங்க” என்று ஒரே பதிலைச் சொன்னாள், அவர்களும் சரிதான், ஆடிப்பெருக்குக்கே கூடுதுறையில் ஆள் முகம் தெரியாது என்று ஒத்துக்கொண்டார்கள். இனிமேல் திதி கொடுக்க வேண்டியதில்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். ரேசன் கடையில், நீக்கிய பேரைத் திரும்பச் சேர்க்க வழி உண்டு, ஆனால் குடும்பத்தலைவிக்குக் கட்டம் ஒன்றுதான், இரண்டு பேரில் யாரென்று வீட்டில் பேசி முடிவு பண்ணி வாருங்கள் என்றார்கள்.

சிகாமணி ஈரோட்டில் ஒரு மஞ்சள் கிடங்கில் மேஸ்திரி. முதல் இரண்டு நாள் அவன் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான். மூன்றாம் நாள் காலையில் மீசைக்குக் கறுப்பு மை அடித்துக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றான். ஒன்பது வருசத்தில் கோகிலவாணிக்காக அவன் நரையை மறைத்ததில்லை. நரைத்துப் போயிருப்பதை அவன் கவனித்ததாகக்கூட அவள் நினைக்கவில்லை. அடுப்படியில் நின்று அதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது, தான் பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டது போல.

அதையும் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது நித்திலா. தாய் செத்தபோது இரண்டு வயசாக இருந்த நித்திலாவுக்கு இப்போது பன்னிரண்டு. கோகிலவாணி வளர்த்த பிள்ளை, அம்மா என்று அவளைத்தான் கூப்பிடும் பிள்ளை. ‘இது ஒண்ணு போதும், உனக்குன்னு வேற எதுக்கு’ என்று சிகாமணி கல்யாணமான மாசமே சொன்னதற்குத் தலையாட்டி, தன் வயிற்றைக் காயப்போட்டு வளர்த்த பிள்ளை. முதல் வாரம் நித்திலா பயந்துபோய் கோகிலவாணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். இரண்டாம் வாரம் துளசிமணியின் காதும் தன் காதும் ஒரே மாதிரி மடிந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் வாரம் தலை பின்னிக்கொள்ள அவளிடம் போய் உட்கார்ந்தாள். சீப்பு இழுக்கும் சத்தத்தை அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த கோகிலவாணி அன்றைக்குச் சாயங்காலம் சிகாமணியிடம் சொன்னாள்: “ஏனுங்க, ஒரு தடுப்புப் போட்டுக்கலாமுங்க.”

“போட்டுக்கலாம்” என்றான் சிகாமணி, அவள் என்ன கேட்டாலும் சொல்கிற அதே குரலில்.

வீட்டில் இருப்பது இருபதடி நீள ஹால் ஒன்று, அடுப்படி ஒன்று. ஹாலின் உள் முனையில், பரணுக்குக் கீழே நாலடி தள்ளி ஒரு தடுப்பு. அந்த நாலடியில் ஜன்னல் இல்லை. வீதியில் அதைப் பேசித் தீர்த்தார்கள். செத்தவளுக்கு ஜன்னல் எதுக்கு, சாப்பிடாதவளுக்கு அடுப்படி எதுக்கு, அங்கயும் இருட்டுல இருந்தவதான என்று நாச்சக்கா சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது, துளசிமணியும் ஆமாங்க என்றாள். செங்கல் வைத்தால் பாகம் பிரித்த மாதிரி ஆகிவிடும் என்பதால் ஜிப்சம் போர்டு என்று முடிவானது. கோயமுத்தூரில் ஆபீஸ்களுக்குத் தடுப்புப் போடும் செல்லதுரை என்பவர் வந்து அளவெடுத்தார், துளசிமணி கொடுத்த காப்பியைக் குடித்தார், குடித்த டம்ளரைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

“இந்த வேலை நமக்கு ஆகாதுங்க” என்றார் கடைசியில். “பயமெல்லாம் இல்லீங்க. எங்கூட்டுக்காரி செத்து ரெண்டு வருசம் ஆச்சு. நாலு நாளைக்கு இங்க வந்து போனா, அவ ஏன் வரலீன்னு யோசிக்க ஆரம்பிச்சிருவேன்.”

அவருக்குப் பிறகு வந்த இரண்டு பேரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். ஆகவே நானே போடுகிறேன் என்றாள் கோகிலவாணி. கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே அவள் ரவிக்கை தைக்கிறவள். அரை நூல் பிசகினால் கை தூக்க முடியாது என்கிற தொழில் அது. துணியை வெட்டியவளுக்குப் பலகையை வெட்ட வராதா?

கார்த்திகை மாதம் முழுக்க அவள் சாமான் தேடினாள். வாழ்க்கையில் தனக்கென்று ஒரு பொருளைத் தேடி அலைந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை, கல்யாணச் சேலையைக்கூட யாரோ எடுத்து வந்து கொடுத்தார்கள், ஆகவே அந்த அலைச்சலில் அவளுக்கு வெளியில் சொல்ல முடியாத ஒரு சந்தோசம் இருந்தது. செய்தி தெரிந்து வீதியே உதவிக்கு வந்தது. தறிப்பட்டறைக்காரர் தரையில் ஓட்டை போடும் டிரில்லிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொத்துவேலைக்காரர் தன் தூக்குக்குண்டைக் கொடுத்து, நூல் ஆடி ஓய்ந்த பிறகுதான் கோடு போட வேண்டும், அவசரப்பட்டால் தடுப்பு சாயும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒருத்தரும், எதற்கு இந்தப் பாவம் என்று கேட்கவில்லை. துளசிமணியிடம் பூவைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கோகிலவாணியிடம் ஒரு சுத்தியலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மிச்சத்துக்கு அவள் ஈரோட்டுக் கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கிக் கடைசியில் ஷர்புதீன் பாய் கடைக்குப் போனாள்.

“என்ன வேலைம்மா?”

“ஜிப்சம் போர்டு தடுப்புங்க பாய். நானேதான் போடப்போறேன்.”

“ஆபீஸா?”

“வூடுங்க. எங்கூட்டுக்காரரோட மொதச் சம்சாரத்துக்கு. செத்துப்போயித் திரும்பி வந்திருக்காங்க.”

பாய் தலையாட்டினார். “எப்படிப் போனாங்க? எரிச்சதா, பொதைச்சதா?”

“எரிச்சதுங்க. ஆத்துல கரைச்சது.”

“அப்ப வெள்ளைப் போர்டு வேண்டாம். ஈரம் தாங்கற பச்சைப் போர்டா எடுத்துக்குங்க. தண்ணியில இருந்து வந்தவங்கன்னா கசிவு இருக்கும், வெள்ளை ஊறிப்போயிரும்” என்றார் பாய். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அவர் வைத்த மூன்று ரசமட்டங்களையும் கோகிலவாணி மேஜையில் படுக்க வைத்துக் குமிழியைப் பார்த்தாள், பிறகு அதே இடத்தில் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தாள்; இரண்டில் குமிழி இடம் மாறியது, ஒன்றில் மட்டும் மாறாமல் நடுவில் நின்றது, அதை எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதைச் செய்தவளைப் பாய் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். தகரச் சட்டம் வெட்டும் கத்தரிகளை விரித்து மூடி, காதருகே வைத்து, நுனிவரை ஒரே சத்தமாக மூடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். துணிநாடா இழுத்தால் நீளும் என்று இரும்பு நாடா எடுத்தாள். அகலமான பிளேடு உள்ள வெட்டுக்கத்தி, ஓட்டை அறுக்க ஒரு கைரம்பம், நூல், நீலப்பொடி, உப்புத்தாள். பலகைச் சந்துகளை அடைக்கப் பட்டி பூசும் பிளேடுகளை ஒரு கட்டாக வாங்கினாள். திருகாணி முடுக்க இரண்டு மிஷின்களைப் பாய் காட்டினார்.

“இது சாதாரண மிஷின். நீங்க கையை எடுக்கற வரைக்கும் உள்ள போயிட்டே இருக்கும், அட்டை கிழிஞ்சா பிடிப்புப் போச்சு. இது போர்டுக்குன்னே செஞ்சது. திருகாணித் தலை மட்டத்துக்கு வந்ததும் தானா நின்னுரும். எங்க நிறுத்தறதுன்னு மனுசனுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும்.”

அவள் இரண்டாவதை எடுத்தாள். காகிதத்தில் தடுப்பை வரைந்து காட்டினாள், பத்தடி அகலம், ஒன்பதடி உயரம், நடுவில் இரண்டரை அடிக்கு ஆறடி வாசல்.

“உள்பக்கமும் போர்டு அடிக்கறதா?”

“வேண்டாங்க. உள்பக்கம் ஆரு பாக்கறா?”

“அப்ப நாலு பலகை போதும்.”

“அஞ்சு குடுங்க பாய்.”

“வாசல் விட்டா நாலே போதும்மா. அஞ்சாவது எதுக்கு…” என்று ஆரம்பித்த பாய் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கடையில் பல்பு வாங்க வந்த ஒருத்தரும் காகிதத்தை எட்டிப் பார்த்தார். ஐந்தாவது பலகை வாசலின் அளவுக்கு வெட்டப்படப்போவது மூன்று பேருக்கும் தெரிந்தது. “கொண்டுபோறப்ப ஒண்ணு ஒடைஞ்சாலும் ஒடையுமுங்க” என்றார் பல்பு வாங்க வந்தவர், அவளுக்கு உதவியாக. “ஆமாமா, ஒடையும்” என்றார் பாய், ஐந்து என்று எழுதி, கறுப்புத் திருகாணியில் இன்னும் ஒரு பிடி அள்ளிப் பொட்டலத்தில் போட்டார்.

தடுப்புப் போட நாலு நாள் ஆனது. மேலே ஒன்று கீழே ஒன்று தகரச் சட்டம் இறுக்கி, இரண்டடிக்கு ஒன்றாக நிலைச்சட்டம் நிறுத்தி, வாசலுக்கு இருபுறமும் இரட்டைச் சட்டம் கொடுத்தாள் கோகிலவாணி. பலகையில் ஒரு கோடு கத்தியால் கிழித்து முழங்காலால் பின்னால் தட்டினால் மடக்கென்று நேராக ஒடிந்தது, அந்தச் சத்தம் அவளுக்கு ருசித்தது. பலகையைத் தூக்கிச் சட்டத்தில் வைத்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்; சிகாமணிக்குக் கிடங்கில் வேலை, நித்திலாவுக்குப் பள்ளிக்கூடம், ஆகவே துளசிமணிதான் உள்பக்கமாக நின்று சட்டங்களுக்கு நடுவில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். “எடதுபக்கம் ஒரு நூல் ஏத்துங்க அக்கா” என்பாள். “இப்பச் சரியா இருக்குதுங்க, முடுக்குங்க.” வெள்ளைத்தூள் பறந்து அவள் தலையிலும் புருவத்திலும் படிந்தது. கையைத் துடைத்துத் துடைத்து அவள் விட்ட இடமெல்லாம் பலகையில் ஈரக்கை பதிந்தது.

மூன்றாம் நாள், வாசல் தவிர எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, கோகிலவாணி இத்தனை நாள் கேட்காததைக் கேட்டாள்.

“நீங்க எதுக்கு வந்தீங்க அக்கா?”

“நீங்கதான கூப்பிட்டீங்க.”

கோகிலவாணி கையில் இருந்த மிஷினைக் கீழே வைத்தாள். புரட்டாசியில் ஒரு நாள் நித்திலா சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு, நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல என்று கத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். யாருமில்லாத வீட்டில் கோகிலவாணி அந்தப் போட்டோவின் முன்னால் நின்று, பெத்துப் போட்டுட்டுப் போயிட்டயல்ல, நீயே வந்து பாத்துக்கோ, வா, வந்து பாரு என்று தொண்டை கிழியக் கத்தினாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, நித்திலா வந்தால் சாப்பிட என்று அப்பளம் பொரித்து வைத்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“அவரு ஒரு நாளும் கூப்பிடலீங்க” என்றாள் துளசிமணி, சட்டத்தில் படிந்த தூளை விரலால் துடைத்துக்கொண்டே. “எங்கம்மாகூட ஒரு வருசம் அழுதுட்டு விட்டுட்டாங்க. அத்தன சத்தமா என்னைக் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான். கூப்பிட்டா வராம இருக்க முடியுமுங்களா?”

அவள் மேல் கோகிலவாணிக்கு அந்த நேரத்தில் ஒரு பாசம் வந்தது. போய் அவள் தலையைத் துவட்டிவிடலாம் போல இருந்தது. ஆனால் நாலு மணிக்கு நித்திலா வந்தாள், பையைக் கழற்றி எறிந்துவிட்டு, கோகிலவாணியைத் தாண்டிக்கொண்டு தடுப்பின் வாசல் வழியாக உள்ளே ஓடி, “அம்மா, இன்னிக்கு என்னாச்சுத் தெரியுமா!” என்றாள். பாசம் வந்த வழியே போய்விட்டது.

மறுநாள் காலை சிகாமணி செருப்பைப் போட்டுக்கொண்டு தடுப்பைப் பார்த்தான், சுவரில் சாய்த்து வைத்திருந்த ஐந்தாவது பலகையைப் பார்த்தான், அது வாசலின் அளவுக்கு வெட்டப்பட்டிருப்பதையும் பார்த்தான். “நான் வர நேரமாகும்” என்றான். “எல்லாத்தையும் முடிச்சிரு.”

நித்திலாவும் போன பிறகு கோகிலவாணி பலகையைத் தூக்கி வாசலில் வைத்தாள். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த துளசிமணி எழுந்து வந்தாள்.

“இதையும் மூடறீங்களா அக்கா?”

“ஆமாங்க அக்கா.”

“அப்ப இருங்க, கீழ ஒரு கட்டை குடுங்க, இல்லீன்னா எறங்கிரும்” என்று சொல்லி, துளசிமணி இரண்டு உள்ளங்கையாலும் பலகையை உள்ளிருந்து சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள், முதல் திருகாணியில் இருந்து முப்பதாவது திருகாணி வரை. மிஷின் ஒவ்வொன்றிலும் மட்டத்துக்கு வந்ததும் தானாக நின்றது. சந்துகளில் நாடா ஒட்டிப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பச்சைப் பலகை தெரியாமல் வெள்ளை அடித்து முடித்தபோது, வாசல் எங்கே இருந்தது என்று கோகிலவாணிக்கே தெரியவில்லை. ஒன்பது வருசத்தில் அந்த வீட்டில் அவள் செய்த எந்த வேலையையும்விட அது அழகாக இருந்தது.

வீதி வந்து பார்த்தது. ஒரு நாள் மட்டும் பாவம் என்றார்கள். இரண்டாம் நாள் நாச்சக்கா தடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, “ஏம்புள்ள, சௌரியமா இருக்கறயா?” என்று கேட்டாள். “இருக்கறனுங்க அக்கா” என்று பதில் வந்தது, அதோடு அதுவும் பழகிவிட்டது. முன்னைவிட இப்போது பெண்கள் அதிகமாக வந்தார்கள்; முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் தடுப்பிடம் சொல்லலாம் என்று கண்டுகொண்டார்கள், புருசன் அடித்ததை, மருமகள் பேசாததை. அவர்களுக்கெல்லாம் கோகிலவாணி காப்பி போட்டாள். நித்திலா முதல் நாள் தடுப்பை இரண்டு கையாலும் அடித்து அழுதாள், பிறகு காதை வைத்துக் கேட்டாள், பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தடுப்போரமாகவே உட்கார்ந்து எழுதினாள், படித்தாள், சிரித்தாள். கோகிலவாணியை அவள் திட்டவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டாள், கேட்டால் பதில் சொன்னாள், அம்மா என்ற வார்த்தையை மட்டும் அந்தப் பக்கம் பார்த்தே சொன்னாள்.

தை மாதம் பத்தாம் தேதி வாக்கில், கோகிலவாணி அரிசி களைந்துகொண்டிருந்தபோது தடுப்புக்குள் இருந்து குரல் வந்தது. “அக்கா, கை வேலைய வெச்சுட்டு வாங்க. புள்ள பெரியவளாயிட்டா. பீரோவுல இருந்து துணி எடுத்துக் குடுங்க, பாவம் பயந்துக்கிட்டு நிக்கறா.” நித்திலா தடுப்போரம் நின்றுகொண்டிருந்தாள். நாலடி தூரத்தில் அடுப்படியில் இருந்தவளிடம் சொல்லாமல், சுவரிடம் சொல்லியிருந்தாள்.

தாய்மாமன் மகுடேஸ்வரன் கொடுமுடியில் இருந்து, குடிசை கட்டப் பச்சை ஓலையோடு வந்தான். துளசிமணியின் தம்பி; அக்காவைவிட இப்போது எட்டு வயசு பெரியவன். வந்தவன் தடுப்பைத் தட்டிப் பார்த்தான். “நல்ல வேலையா இருக்குதுங்களே, ஆரு போட்டது?” என்று கேட்டான், கோகிலவாணி என்றதும் மெச்சிக்கொண்டான். அப்புறம் சொன்னான்: “சீருக்குப் பெத்தவ வேணுமுங்க மச்சான். மொதத் தண்ணி அவ கையாலதான் ஊத்தோணும். தொறந்து விடுங்க.”

சிகாமணி கோகிலவாணியைப் பார்த்தான். அவள் சாமான் பையை எடுத்து வந்தாள். சந்தில் கத்தியை விட்டுக் கிழித்து, பட்டியைச் சுரண்டி, முப்பது திருகாணியையும் ஒவ்வொன்றாகப் பின்னால் சுற்றி எடுத்தாள். பலகை ஒரு மூலைகூடச் சிதையாமல் முழுசாக வந்தது. துளசிமணி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. “உள்ள ஒண்ணும் மோசமில்லீங்க அக்கா” என்றாள் கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு. “மொத ரெண்டு நாளைக்குத்தான். பொறவு பழகிரும்.”

சீர் வைத்த அன்று காலை ஏழு மணிக்கே சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வர ஆரம்பித்தார்கள். நித்திலாவுக்குப் பட்டுச்சேலை கட்டி மணையில் உட்கார வைத்தார்கள், பக்கத்தில் துளசிமணி உட்கார்ந்தாள். கோகிலவாணி இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போனாள். யாரோ ஒரு கிழவர், பெண்ணுக்குத் தாய் யார், இதுவா அதுவா என்று சத்தமாகக் கேட்டார். மகுடேஸ்வரன் சிகாமணியின் காதில் ஏதோ சொன்னான். சிகாமணி வந்து கோகிலவாணியை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டான்.

“ரெண்டு பேரும் நின்னா ஆளாளுக்குக் கேப்பாங்க. போட்டோ எடுத்து முடியற வரைக்கும் நீ கொஞ்சம் உள்ள இரு.”

“அடுப்படியிலயேதான இருக்கறேனுங்க.”

“அங்க பந்திக்காரங்க வந்து போவாங்க. அந்த நாலடிக்குள்ள இருந்துக்கோ. ஒரு மணி நேரம்.”

ஒரு மணி நேரம்தானே என்று அவள் போனாள். உள்ளே தரை ஈரமாக இருந்தது. பலகை அடிக்காத உள்பக்கத்தில் தகரச் சட்டங்கள் விலா எலும்பு மாதிரி வரிசையாக நின்றன. வாசல் வழியாக நித்திலாவின் பின்னந்தலையும் அதில் வைத்த தாழம்பூவும் தெரிந்தன, அதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். அப்புறம் சிகாமணி பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“போட்டோவுல ஓட்டை தெரியுதாம். சும்மா சாத்தி ரெண்டு முடுக்கு முடுக்கிக்கறேன். பொழுதுக்குள்ள கழட்டிரலாம்.”

அவன் அதுவரை அந்த மிஷினைத் தொட்டவனில்லை. முதல் திருகாணி கோணிக்கொண்டு போய்ச் சட்டத்தில் படாமல் சுற்றியது. பலகை சாய்ந்தது. கோகிலவாணி தன்னை அறியாமல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தாங்கிப் பிடித்தாள். கை பதிந்த பிறகுதான் யாருக்காகப் பிடிக்கிறோம் என்று தெரிந்தது. எடுக்கத்தான் நினைத்தாள். வெளியே மேளம் தொடங்கிவிட்டது. இப்போது பலகை விழுந்தால் நித்திலாவின் சீர் பாதியில் நிற்கும். பிடித்துக்கொண்டே நின்றாள். வெளிச்சம் நாலு பக்கமும் நூலாகி, மூன்று பக்கமாகி, ஒரு பக்கமாகி, இல்லாமல் போனது. ரெண்டு முடுக்கு என்றவன் இருபதுக்கு மேல் முடுக்கினான்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். பந்தி நடந்தது, இரண்டாம் பந்தி நடந்தது, பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவள் மெல்லத் தட்டினாள், யாரோ ஒரு குழந்தை மட்டும் திருப்பித் தட்டிவிட்டு ஓடியது. அப்புறம் தடுப்புக்கு வெகு பக்கத்தில் நித்திலாவின் குரல், “அம்மா, எங்க இருக்கீங்க?” என்றது.

கோகிலவாணி வாயைத் திறந்தாள். மூச்சு இழுத்து, இங்க இருக்கேன் கண்ணு என்ற வார்த்தை நாக்குக்கு வருவதற்குள், “இங்க இருக்கேன் கண்ணு, அடுப்படியில” என்று துளசிமணி சொன்னாள், கொலுசுச் சத்தம் அந்தப் பக்கமாகப் போய்விட்டது.

ஒறம்பரை எல்லாம் கிளம்பிய பிறகு சிகாமணி வந்தான். சாமான் பையைக் கவிழ்த்துக் கொட்டும் சத்தம் கேட்டது. திருகாணி கழற்ற மிஷினைத் தேடுகிறான் என்று நினைத்து அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“கோகிலா.”

“சொல்லுங்க.”

“நாளைக்கும் நாலு பேரு வருவாங்களாம். பலகைச் சந்து கோடு கோடாத் தெரியுது. இதுல பட்டி பிளேடு நாலஞ்சு கெடக்குது, சின்னது, பெரிசுன்னு. எதுல பூசறது?”

இருட்டில் அவள் விரலால் அந்தச் சந்தைத் தடவிப் பார்த்தாள். திருகாணி என்றால் கழற்றலாம். பட்டி பூசினால் என்ன அர்த்தம் என்று அவளைவிடத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான், பலகைக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. சேலை எடுக்கும்போதும், பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்போதும் அவளைக் கேட்டதில்லை; ஒன்பது வருசத்தில் ஒரு காரியத்தை அவளிடம் கேட்டுச் செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை, தன் குரல் எங்கே தழுதழுத்துவிடுமோ என்று அவள் பயந்தாள்.

“மொதல்ல நாலு இஞ்சுங்க” என்றாள். “அழுத்தி, சந்துக்குள்ள எறங்கற மாதிரி. காஞ்ச பொறவு பெரிசுல இழுங்க.”